‘உனக்கென்ன, கவண்மேந்து வேலை!’: மட்டக்களப்பு, அம்பாறை அரச உத்தியோகத்தர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிரதேச செயலகங்களின் நிர்வாகக் கிளையில் லீவு விஷயங்களைப் பார்த்தவன் நான். லீவுப் படிவம் வாங்க வருகிறவர் முதலில் லீவைப் பற்றித்தான் கேட்பார். படிவத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, கதிரையை விட்டு எழும்பும்போதுதான் உள்ளே கிடக்கிற கேள்வி வெளியே வரும். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்டவர்களில் கிராம உத்தியோகத்தர், அபிவிருத்தி உத்தியோகத்தர், ஆசிரியர், குடும்பநல உத்தியோகத்தர், கிளார்க், சாரதி என்று எல்லோரும் உண்டு. கேள்விகளை அவர்களுடைய பேச்சிலேயே விட்டிருக்கிறேன்.

“எட்டரைக்கு வந்து நாலேகாலுக்குப் போற வேலை. இதுல என்ன பெரிய டென்ஷன்?”

இதைக் கேட்பவர்கள் அநேகமாக உத்தியோகத்தரின் சொந்தக்காரர்கள்தான். “கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்” என்று சொல்லிப் பிள்ளை வளர்த்த ஊர்கள் இவை. மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலை கேட்டு நாட்கணக்கில் உட்கார்ந்திருந்த பட்டதாரிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த வேலை கிடைத்த ஒருவர் ‘எனக்குக் கஷ்டம்’ என்று வாய் திறந்தால், சோறு கிடைத்தவன் கறி சரியில்லை என்று சொல்வதுபோலத்தான் மற்றவர் காதில் விழும். அதனால் சொல்ல மாட்டார்கள். இந்த வேலையின் முதல் பாரமே அதைப் பாரம் என்று சொல்ல முடியாததுதான்.

நேரம் உண்மையிலேயே பெரிய பிரச்சினை இல்லை. ஒரு விஷயத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்காது, ஆனால் தீர்மானத்தைச் சனத்தின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியவர் நீங்கள். சுற்றறிக்கை எழுதியவர் கொழும்பில் இருப்பார். அதனால் பாதிக்கப்பட்டவர் உங்கள் மேசைக்கு முன்னால் நிற்பார். ‘ஆம்’ என்று சொல்லவும் வழியில்லை, ‘இல்லை’ என்று முடித்துவிடவும் வழியில்லை. கீழே வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் இந்த ஓர் இடத்தில்தான் வந்து முட்டும்.

“பொறுப்பெல்லாம் மேல உள்ளவங்களுக்கு. பியோனுக்கும் கிளார்க்குக்கும் என்ன பிரஷர் வரப்போகுது?”

எல்லோரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். பிரித்தானியாவில் 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு அந்த எண்ணத்தைப் புரட்டிப் போட்டது. ஆய்வு செய்யப்பட்டவர்கள் லண்டன் அரச ஊழியர்கள். எல்லோருக்கும் நிரந்தர வேலை, ஒரே இலவச வைத்திய சேவை. அப்படியிருந்தும் இதய நோயால் இறந்தவர்களின் விகிதம் உச்சப் பதவிக்காரரைவிட அடிமட்டத் தர ஊழியரிடம் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. புகைத்தல், கொலஸ்ட்ரோல் எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் முழுதாக மறையவில்லை. 1985இல் மைக்கல் மார்மொட் தலைமையில் தொடங்கிய இரண்டாவது ஆய்வில் ஆண்களும் பெண்களுமாகப் பத்தாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டார்கள். தன் வேலையை எப்படி, எப்போது செய்வது என்பதில் சொந்தத் தீர்மானம் குறையக் குறைய இதய நோய்க்கான வாய்ப்பு கூடுகிறது என்று அது காட்டியது.

ஆகவே பிரதேச செயலாளருக்கு வரும் பிரஷரைவிட அவருடைய வாகனத்தின் சாரதிக்கு வரும் பிரஷர் சிறியது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எப்போது புறப்படுவது, எப்போது வீடு போவது, பகல் சோறு எத்தனை மணிக்கு என்பது ஒன்றும் அந்தச் சாரதியின் கையில் இல்லை.

“எனக்கு வேலையே இல்ல சேர். இருக்கக் கதிரை கூட இல்ல. இதுக்கும் மனசு விழுமா?”

விழும். பட்டதாரிப் பயிலுனர்களாக ஆயிரக்கணக்கில் எடுத்து அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக்கியபோது, பல கந்தோர்களில் ஆட்கள் வந்தார்கள், மேசை வரவில்லை, கடமைப் பட்டியலும் வரவில்லை. ஒரு கதிரையை மூன்று பேர் மாறி மாறிப் பயன்படுத்திய இடங்கள் உண்டு. ஒருவர் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனால் திரும்பி வரும்போது இடம் போயிருக்கும். பகிடியாகச் சொல்வார்கள், ஆனால் பட்டம் பெற்ற ஒருவர் தினமும் காலையில் நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து சுவரோடு நின்றுவிட்டுப் போவது பகிடி இல்லை.

வேலை கூடினால் வரும் களைப்பு நித்திரையில் போய்விடும். ‘நான் இல்லாவிட்டாலும் இங்கே ஒன்றும் குறையாது’ என்ற எண்ணம் நித்திரையில் போகாது. என் அபிப்பிராயம்: கடமைப் பட்டியலை எழுத்தில் கேளுங்கள். கிடைக்காவிட்டால் கிளையில் ஆரும் தொட விரும்பாத ஒரு வேலையை, பழைய காணிக் கோவைகளை ஒழுங்குபடுத்துவது மாதிரி ஒன்றை, கேட்டு வாங்கி உங்கள் பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். காணிக் கோவை எந்த ராக்கையில் இருக்கிறது என்று தெரிந்தவரை எந்தக் கந்தோரும் சும்மா உட்கார விடாது.

“அஸ்வெசும லிஸ்ட்டை நான் போடல்ல. ஏச்சு முழுக்க எனக்கு. என்ன செய்யச் சொல்றீங்க?”

2023இல் வறிய குடும்பங்களுக்கான சமுர்த்திக் கொடுப்பனவுக்குப் பதிலாக அஸ்வெசும வந்தபோது கிராம மட்டத்தில் வேலை செய்த எல்லோரும் இதை அனுபவித்தார்கள். தகவல் சேகரித்தது ஓரிடம், புள்ளி போட்டது கணினி, பெயர்ப் பட்டியல் வந்தது மேலிருந்து. ஆனால் கூரை ஒழுகும் வீட்டுக்காரிக்கு இல்லை, மாடி வீட்டுக்காரருக்கு இருக்கிறது என்றால் அவள் கணினியிடமா போவாள்? ஜீ.எஸ்.ஸிடம், அதாவது கிராம உத்தியோகத்தரிடம்தான் வருவாள். அவளுக்குத் தெரிந்த அரசாங்கம் அவர்தான். அந்தக் கணக்கெடுப்பு வேலையிலிருந்து கிராம உத்தியோகத்தர்கள் ஒதுங்கி நின்றதற்கும் இது ஒரு காரணம்.

இதில் இரண்டு வகை நோவு உண்டு. ஏச்சு வாங்குவது ஒன்று. ‘அந்த மனிசி சொல்வது சரி’ என்று உங்களுக்கே தெரிந்திருப்பது மற்றது. இரண்டாவதுதான் ஆளை உள்ளே தின்னும். முதலாவதுக்குத் தோல் தடிக்கும். இரண்டாவதுக்குத் தோல் தடித்தால், அதற்குப் பிறகு வருகிற எந்த ஏழையையும் நீங்கள் நிமிர்ந்து பார்க்க மாட்டீர்கள்.

நடைமுறையில் செய்யக்கூடியது இது. ‘எனக்குத் தெரியாது, மேலே கேளுங்க’ என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள், அது இருவரையும் எரிக்கும். எது உங்கள் கையில் இல்லை என்பதை ஒரு வசனத்தில் சொல்லுங்கள். எது இருக்கிறது என்பதை அடுத்த வசனத்தில் சொல்லுங்கள்: மேன்முறையீட்டுப் படிவம், கடைசித் திகதி, இணைக்க வேண்டிய ஆவணம். படிவத்தை நிரப்ப உதவி செய்தால் பத்து நிமிடம் போகும். அந்தப் பத்து நிமிடத்தில்தான் உங்களுக்கும் கொஞ்சம் அதிகாரம் திரும்பி வருகிறது.

கை நீட்டினால் அது வேறு கதை. கடமையில் இருக்கும் அரச ஊழியரைத் தாக்குவது தண்டனைச் சட்டக் கோவையின் 344ஆம் பிரிவில் குற்றம். ‘பாவம், ஏழை மனிசன்’ என்று விட்டுவிடுவது உங்கள் பெருந்தன்மை, ஆனால் கந்தோர்ப் பதிவேட்டிலாவது சம்பவத்தை எழுதி வையுங்கள்.

“சொந்த ஊர்லயே வேலை கிடைச்சா நிம்மதிதானே?”

பஸ் காசு மிச்சம். நிம்மதி மிச்சமாவது சந்தேகம். எங்கள் பக்கத்தில் குடி (தாய்வழிக் குலம்), கோயில், பள்ளிவாசல், மதினி, மச்சான் என்று ஆளுக்கு ஆள் முடிச்சு இருக்கிறது. கிராம உத்தியோகத்தருக்குக் கல்யாண வீட்டுப் பந்தியிலும் வதிவிடச் சான்றிதழ் கேட்பார்கள். ஒருவருக்குச் சட்டப்படி முடியாது என்றால் ‘எங்கட ஆளாயிருந்தும் செய்யல்ல’ என்பது அவருக்குக் கிடைக்கும் பெயர். செய்து கொடுத்தால் மற்றப் பக்கத்தார் மனு எழுதுவார்கள்.

ஊருக்குள் இருப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கந்தோர் விஷயத்தைக் கந்தோரில் மட்டும் கதைப்பது என்று முதல் மாதத்திலேயே வழக்கமாக்குங்கள். ஐந்து வருடம் போனபின் தொடங்கினால் ‘பெரிய ஆளாகிட்டார்’ என்பார்கள்.

“எழுவான்கரையில வீடு, படுவான்கரையில வேலை. பயணத்துலயே சீவன் போகுது. இதையெல்லாம் ஸ்ட்ரெஸ் என்று சொல்லலாமா?”

சொல்லலாம். மட்டக்களப்பு வாவியின் கிழக்குக் கரை எழுவான்கரை, மேற்குக் கரை படுவான்கரை. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது பெரிய ஆறுதல். அதற்கு முன்பு பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் அந்த இயந்திரப் படகில், மோட்டார் சைக்கிளை ஏற்றி இறக்கிய ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்கள். குருமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் பாதைக்காகக் காத்து நின்றவர்களும் சொல்வார்கள். பாதை ஒரு தடவை தவறினால் வரவுப் பதிவேட்டில் சிவப்புக் கோடு. வெல்லாவெளிப் பக்கம், வவுணதீவுக்கு உள்ளே, அம்பாறையில் திருக்கோவிலுக்குத் தெற்கே என்றால் பின்னேரம் யானைப் பயமும் சேரும். இருட்டுவதற்கு முன் காட்டு வீதியைத் தாண்ட வேண்டும் என்பதற்காகக் கடைசிப் பாடத்தை நெஞ்சிடியோடு படிப்பிக்கிற ஆசிரியைக்கு, அந்த நெஞ்சிடி வீட்டுக்கு வந்தும் உடனே அடங்காது. அவளுக்கு ஓய்வு என்பது வீட்டு வாசலில் தொடங்குவதில்லை.

“வெள்ளம் வந்தா என்ட வீட்டுக்குள்ளயும் தண்ணிதான். ஆனா மற்றாக்கள்ட வீட்டை எண்ணிக்கொண்டு நிக்கணும். இதை ஆரிட்டச் சொல்ற?”

இந்தக் கேள்விக்கு நான் எழுதுவது கொஞ்சம் நீளும். 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் 26, 2011 ஜனவரி வெள்ளம், 2024 நவம்பர் வெள்ளம் என்று இந்தக் கரையில் எந்த அனர்த்தம் வந்தாலும், முதலில் வெளியே போகிறவர் தானும் அகப்பட்ட ஒருவர்தான். சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். கல்முனையிலும் மருதமுனையிலும் பெயர்ப் பட்டியல் எழுதிய உத்தியோகத்தர்கள், பட்டியலுக்குள் தங்கள் வீட்டுப் பெயர்களையும் தேடினார்கள். 2024இல் காரைதீவு மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரத்தை இழுத்துச் சென்று மதரசாப் பிள்ளைகள் இறந்தபோது, தேடிய ஆட்களும் வைத்தியசாலையில் உடல்களைப் பொறுப்பெடுத்த ஆட்களும் சம்பளத்துக்கு வேலை செய்தவர்கள்தான். அவர்களும் பிள்ளை பெற்றவர்கள்.

அனர்த்த நேரத்தில் ஆள் ஓடிக்கொண்டேயிருப்பார், ஒன்றும் தெரியாது. சமைத்த உணவு எத்தனை நாள், எத்தனை குடும்பம், எத்தனை பாய் என்ற கணக்கு மண்டைக்குள் ஓடும். தண்ணீர் வடிந்து, சேதமான வீடுகளின் படிவங்கள் எல்லாம் போன பிறகு, எல்லோரும் பழைய நிலைக்கு வரும் நேரத்தில்தான் இவருக்கு நித்திரை குழம்பத் தொடங்கும். மழை இருட்டினால் கை நடுங்கும். சின்ன விஷயத்துக்குப் பிள்ளைகளோடு எரிந்து விழுவார். இதைக் கோழைத்தனம் என்று நினைத்துக்கொண்டு மறைப்பார். அது உடம்பு பிந்திக் கட்டுகிற கணக்கு, அவ்வளவுதான். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் கீழே கிளினிக் பற்றிச் சொல்லியிருப்பதைப் பாருங்கள்.

வெள்ள காலத்துக்கென்றே இன்னொரு தலையிடி இருக்கிறது. வாவி கடலில் சேருமிடமான முகத்துவாரத்தை வெட்டு, வயல் அழுகுது என்று விவசாயிகள் நிற்பார்கள். வெட்டாதே, மீன் போய்விடும் என்று மீனவர்கள் நிற்பார்கள். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் ஒரு பக்கத்துக்கு நீங்கள் துரோகி. இதில் கூட்டக் குறிப்பு எழுதுகிற கிளார்க்குக்கும் நித்திரை வராது என்பதை நான் பார்த்திருக்கிறேன். ‘என்னுடைய முடிவு இல்லையே’ என்பது அந்த நேரத்தில் ஆறுதல் தருவதில்லை. முதல் பதிலில் சொன்ன அதே இடம்தான் இது.

நிறுவனத் தலைவர்களுக்கு ஒரு சொல். அனர்த்தம் முடிந்த கிழமையில் உத்தியோகத்தருக்கு இரண்டு நாள் வீடு துப்புரவாக்க விடுங்கள். பாராட்டுச் சான்றிதழ் பிறகு கொடுக்கலாம்.

“இரவு பத்து மணிக்கும் வட்ஸ்அப் குரூப்பில ‘அவசரம், நாளை காலை 9க்கு முன்’ என்று வருது. பார்க்காம விடலாமா?”

பார்க்காமல் விடுவது லேசு, பார்த்துவிட்டுப் பதில் போடாமல் படுப்பதுதான் கஷ்டம். கிராம உத்தியோகத்தர் மாதிரி எந்நேரமும் கடமையில் இருப்பதாகக் கருதப்படும் பதவிகளில் முழுதாக ஒதுங்க முடியாது. மற்றவர்கள் குரூப்பை மியூட் செய்துவிட்டு, ‘உண்மையான அவசரம் என்றால் கோல் எடுங்க’ என்று கிளைத் தலைவரிடம் நேரே சொல்லிவிடலாம். கோல் அடிப்பதற்கு முன் மனிதர் ஒரு தடவை யோசிப்பார். குரூப்பில் போடும்போது யோசிப்பதில்லை.

“பேஸ்புக் லைவ்ல என்ட முகத்தைக் காட்டி ஏசிட்டுப் போயிட்டார். நான் பதில் போடலாமா?”

நிறுவனத் தலைவரின் அனுமதி இல்லாமல் கடமை சம்பந்தமாக ஊடகத்துக்குக் கதைக்க, அரச ஊழியருக்கான விதிகள் அடங்கிய தாபனக் கோவை இடம் கொடுக்காது. 2022 செப்டெம்பரில் சமூக ஊடகம் பற்றியும் நினைவூட்டிச் சுற்றறிக்கை வந்தது. ஆகவே ஊரே உங்களைப் பற்றிக் கதைக்கும், நீங்கள் மட்டும் கதைக்க முடியாது. பிள்ளை பள்ளிக்கூடத்தில் ‘உன்ட வாப்பா கள்ளனாமே’ என்று கேட்டுக்கொண்டு வரும்.

காணொளியைச் சேமித்து வையுங்கள். நடந்ததைத் திகதி, நேரம், இருந்தவர்கள் பெயரோடு எழுதி அன்றே தலைவருக்குக் கொடுங்கள், கந்தோர் சார்பில் விளக்கம் வெளியிடும்படி கேளுங்கள். கள்ளக் கணக்கில் போய் கொமென்ட் எழுத வேண்டாம். எழுத்து நடையிலேயே பிடித்துவிடுவார்கள்; எங்கள் ஊர்களில் ஆர் எப்படி எழுதுவார் என்று எல்லோருக்கும் தெரியும்.

கேட்பவர் ஒழுங்காகத் தகவல் கேட்டால் அது வேறு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவருக்கு அந்த உரிமையைக் கொடுக்கிறது. தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். தகவல் கேட்கிற விண்ணப்பத்தைக் குத்து என்று எடுத்துக்கொள்கிறவர்கள் வீணாக நெஞ்சைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

“செய்யுங்க, நான் பார்த்துக்கொள்றன் என்று வாயால சொல்றார். எழுத்தில தரமாட்டார். மறுத்தா இடமாற்றம், செய்தா ஓடிட். எது நல்லம்?”

நிர்வாகக் கிளையில் இருப்பவரைக் கதவை மூடச் சொல்லிவிட்டுக் கேட்கும் கேள்வி இது. வாயால் சொன்னவர் இரண்டு வருடத்தில் மாறிப் போய்விடுவார். கணக்காய்வு வினா நான்காம் வருடத்தில் வரும். அப்போது கோவையில் இருப்பது உங்கள் கையொப்பம் மட்டும். அந்தக் காலம் முழுக்க ‘எப்போது வருமோ’ என்று மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நல்ல பெயரோடு ஓய்வு பெற்றவர்கள்கூடத் தபால்காரர் மணி அடித்தால் திடுக்கிடுவதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுக்கவும் வேண்டாம், சும்மா செய்யவும் வேண்டாம். கோவையிலேயே குறிப்பு எழுதுங்கள்: “இன்று தங்களால் வழங்கப்பட்ட வாய்மூலப் பணிப்புரைக்கு அமைய இவ்விடயம் மேற்கொள்ளப்படவுள்ளது. உறுதிப்படுத்தலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.” திகதி போட்டு மேசைக்கு அனுப்புங்கள். நேர்மையான அதிகாரி கையொப்பம் வைப்பார். மற்றவர் கோவையைத் திருப்பி அனுப்பி, ‘அதை இப்ப விடுங்க’ என்பார். இரண்டிலும் நீங்கள் தப்பினீர்கள். குறிப்பை மரியாதையோடு எழுத வேண்டும், குத்தலாக எழுதினால் அது சண்டையாகிவிடும்.

“அம்பாறைக் கச்சேரியில (மாவட்டச் செயலகத்தில) இருந்து கடிதம் சிங்களத்தில வருது. எனக்கு அரைகுறை. கேட்க வெட்கமா இருக்கு.”

தமிழும் அரசகரும மொழி, தமிழில் கேட்பது உங்கள் உரிமை. அதே நேரம், 2007 ஜூலைக்குப் பிறகு சேவையில் சேர்ந்தவர்களுக்கு இரண்டாம் மொழித் தேர்ச்சி கட்டாயம் என்பதால், அந்தப் பரீட்சையும் தலைக்கு மேல் தொங்கும். கூட்டத்தில் எல்லோரும் சிரிக்கும்போது, பகிடி விளங்காமல் ஒரு கணம் பிந்திச் சிரிப்பது சின்ன விஷயம்தான், ஆனால் மாதம் நான்கு கூட்டம் என்றால் ஆள் கூட்டத்துக்கே போகாமல் இருக்கக் காரணம் தேடுவார். அம்பாறையில் உங்கள் தரத்தில் இருக்கிற சிங்கள உத்தியோகத்தர் ஒருவரோடு சிநேகமாகுங்கள். அவருக்கும் கல்முனையிலிருந்து போகிற தமிழ்க் கடிதம் விளங்காமல்தான் கிடக்கும்.

“பொம்பிளையள் இதுல வேற என்ன தாங்கணும்?”

நிறைய. குடும்பநல உத்தியோகத்தர் தனியாகப் படலை திறந்து போக வேண்டும், உள்ளே ஆர் இருக்கிறார் என்று தெரியாது. கள வேலை நாளில் மலசலகூடம் கிடையாது என்பதால் தண்ணீரே குடிக்காமல் போய் சலக்கடுப்பு வாங்குகிறவர்கள் உண்டு. நாலேகாலுக்குப் பிறகு வீட்டில் இரண்டாவது கந்தோர் திறக்கும், அதற்கு லீவே இல்லை.

மேலதிகாரியின் தொல்லை என்றால், இடமாற்றத்துக்கோ பதவி உயர்வுக்கோ உடலை விலையாகக் கேட்பது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டத்தில் பாலியல் இலஞ்சம் என்று தனிக் குற்றமாக இருக்கிறது. குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள். முதலில் நம்பகமான ஒரு பெண் சக உத்தியோகத்தரிடம் சொல்லி வையுங்கள். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவுக்குப் போகும் நாளில் ‘அன்றே என்னிடம் சொன்னார்’ என்று ஒருவர் சொல்வது பெரிய பலம்.

“கூட வேலை செய்றவர் லோனுக்குப் பிணை நிற்கச் சொல்றார். மறுக்க முடியல்ல.”

மற்றப் பதில்கள் எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். அரச உத்தியோகத்தரின் கையொப்பத்துக்கு வங்கியில் மதிப்பு அதிகம், அதனால் எல்லோருக்கும் எல்லோரும் பிணை. 2022 நெருக்கடியில் 14/2022 சுற்றறிக்கையின் கீழ் ஐந்து வருடம் வரை சம்பளமில்லாத லீவில் வெளிநாடு போக வழி திறந்தது. போனவர்களில் பலர் ஒழுங்காகக் கட்டினார்கள். கட்டாத சிலருடைய கடன் இங்கே இருந்தவரின் சம்பளச் சிட்டையில் வந்து நின்றது. மனைவிக்குத் தெரியாமல் அந்தக் கழிவை மறைத்துக்கொண்டு திரிந்தவரின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

‘வீட்டில் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், பிணை நிற்பதில்லை’ என்று சொல்லிவிடுங்கள். பொய்யாக இருந்தால் அன்று பின்னேரமே போய்ச் சத்தியம் செய்து உண்மையாக்குங்கள்.

“ஞாயிறு பின்னேரம் ஆனாலே வயிறு கலக்குது. இது வருத்தமா, சோம்பலா?”

சோம்பேறிக்கு வயிறு கலக்காது, நிம்மதியாகத் தூங்குவான். வேலையால் வரும் உள எரிவை உலக சுகாதார அமைப்பு 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது. நோயாக அல்ல, தொழில் சார்ந்த நிலையாக. அடையாளம் மூன்று: சக்தி வற்றிப்போதல், வேலையிலும் வருகிற சனத்திலும் வெறுப்புத் தட்டுதல், ‘என்னால் ஒன்றும் ஆகாது’ என்ற எண்ணம். லீவு போட்டு நான்கு நாள் வீட்டில் நின்றால் இது கொஞ்சம் இளகும்.

லீவிலும் இளகாமல், கோயில் திருவிழாவும் பெருநாளும் பிள்ளையின் சிரிப்பும் ஒன்றும் உள்ளே போகாமல், விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வந்து, இரண்டு கிழமைக்கு மேல் அப்படியே இருந்தால், அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் உண்டு. அதோடு ஒரு தடவை சீனி, தைரொயிட், இரத்தச்சோகை பார்த்துக்கொள்ளுங்கள். மனசு விழுந்தது என்று நினைத்த சிலருக்கு விழுந்திருந்தது தைரொயிட்.

“லீவு எடுத்தா பெயர் கெட்டுப் போகுமே?”

வருடத்துக்கு 21 நாள் கசுவல், 24 நாள் வெக்கேஷன். ஆசிரியர்களுக்குக் கணக்கு வேறு. இதை எடுக்காமல் விட்டதற்காக ஆருக்கும் பதவி உயர்வு கிடைத்ததை நான் காணவில்லை. நான் கண்டது வேறொன்று. துண்டு துண்டாக அரை நாள், குறுகிய லீவு, திங்கட்கிழமைச் சுகவீனம் என்று ஒருவரின் பதிவேடு நிரம்பத் தொடங்கினால் அவருக்கு உள்ளே ஏதோ நடக்கிறது. அப்படி எடுப்பதைவிட, முன்கூட்டியே சொல்லி ஒரு கிழமை சேர்த்து எடுப்பது உடம்புக்கும் நல்லது, கந்தோருக்கும் நல்லது.

“மனநல கிளினிக்குக்குப் போனா பைல்ல ஏறுமா?”

நீங்கள் கிளினிக்குக்குப் போனதை வைத்தியசாலை உங்கள் கந்தோருக்கு அறிவிப்பதில்லை. நீங்களே வைத்தியச் சான்றிதழ் கொடுத்து லீவு கேட்டால் அந்தச் சான்றிதழ் கோவைக்கு வரும், அவ்வளவுதான். சிகிச்சை எடுத்தார் என்பதற்காக ஒருவரை வேலையிலிருந்து நீக்க முடியாது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு இல்லை. ஊரில் ஆரும் காண்பார்கள் என்ற பயம் உண்மையானது. கல்முனைக்காரர் மட்டக்களப்புக்கும் மட்டக்களப்பார் கல்முனைக்கும் போவது நான் அறிந்த வழக்கம், அதில் தப்பில்லை. மருந்து தொடங்கினால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை எடுக்கும். மூன்றாம் நாளில் ‘சரிவரல்ல’ என்று நிறுத்த வேண்டாம்.

“கந்தோர்லயே உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். அவரிட்டப் போகலாமா?”

பல பிரதேச செயலகங்களில் இருக்கிறார், ஊர்ச் சனத்துக்காக. பக்கத்து மேசைக்காரரிடம் மனம் திறப்பது கஷ்டம்தான், அவருக்கும் சங்கடம். வேறு பிரதேச செயலகத்தில் இருக்கும் ஒருவரை அறிமுகப்படுத்தித் தரும்படி அவரிடமே கேளுங்கள். செய்வார்.

“இடமாற்றம் கேட்கவா, பொறுத்துக்கொண்டு இருக்கவா, விட்டுட்டுப் போகவா?”

வேலை உங்களை அரிக்கிறதா, அந்த ஒரு மேலதிகாரி அரிக்கிறாரா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மேலதிகாரி என்றால் அவரும் ஒருநாள் மாறுவார். ‘தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்துவேன்’ என்ற மிரட்டல் உண்மையிலேயே கடிதமாக வந்தால் மேன்முறையீடு செய்யலாம். நாடளாவிய சேவை என்றால் அரசாங்க சேவை ஆணைக்குழு, அதற்கு மேல் நிர்வாக மேன்முறையீட்டு நியாய சபை. மாகாண சேவை என்றால் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழு. பாகுபாடு என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உண்டு. அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதம்தான் அவகாசம், ஆகவே யோசித்து யோசித்துக் காலத்தை விடாதீர்கள்.

வேலையே பிடிக்கவில்லை என்றால் அதுவும் குற்றமில்லை. ஆனால் மனம் விழுந்திருக்கும் மாதத்தில் இராஜினாமாக் கடிதம் எழுத வேண்டாம். முதலில் லீவு, பிறகு வைத்தியர், அப்புறம் கடிதம்.

“என்ட அவர் கந்தோரால வந்தா ஒரு சொல்லும் கதைக்கிறல்ல. நான் என்ன செய்ற?”

உத்தியோகத்தர்களின் மனைவிமார் லீவுப் படிவம் கொடுத்துவிட வரும்போது கேட்பது. வந்தவுடன் ‘என்ன நடந்தது’ என்று கேட்காதீர்கள் தங்கச்சி. பகல் முழுக்க எல்லோரும் அவரிடம் கேள்விதான் கேட்டிருப்பார்கள். தேத்தண்ணி கொடுத்து அரை மணித்தியாலம் விடுங்கள். பிறகு உங்கள் நாளில் நடந்ததைச் சொல்லுங்கள், பல வேளை அதற்குள்ளே அவருடையதும் வரும். ‘உங்களுக்கென்ன, கவண்மேந்து வேலை’ என்ற சொல் வீட்டில் ஆர் வாயிலிருந்தும் வரக்கூடாது, மாமியார் உட்பட.

ஆனால் ‘நான் இல்லாட்டி உங்களுக்குப் பென்ஷன் வரும்தானே’ என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், பகிடி என்று விட்டுவிட வேண்டாம். அவரைத் தனியே விடாதீர்கள், 1926க்கு எடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, 24 மணி நேரமும் எடுக்கலாம். அவர் கதைக்க மறுத்தாலும் நீங்கள் கதைக்கலாம்.